புரோப்பேன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, ஆரிஃபிஸ் மாற்றியிருக்கவில்லை

எங்கள் தெருவில் கேஸ் பைப் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் ஒரு புரோப்பேன் தொட்டி நிற்கிறது, அதிலிருந்துதான் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், அடுப்பு மூன்றுக்கும் கேஸ் வருகிறது. குளிர் தொடங்கும் நேரத்தில் பழைய ஃபர்னஸ் நின்றுபோனது, புதிது வாங்கினோம், இரண்டு பேர் வந்து ஒரே நாளில் பொருத்திவிட்டுப் போனார்கள். சூடு வந்தது. முன்பைவிட வேகமாகவே வந்தது. மூன்றே வாரத்தில் அந்தப் புது ஃபர்னஸின் உள்ளே கரி அடைத்து, தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயம். குளிர்ப்பகுதியில் வீடு வாங்கி முதல்முறை ஃபர்னஸ் மாற்றுகிற யாருக்காவது பயன்படட்டும் என்று, நடந்ததையும் அதில் நான் கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம், இது எனக்கு அப்போது தெரியாது. வீட்டு ஃபர்னஸ்கள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவுக்கு ஏற்ற மாதிரிதான் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. புரோப்பேனில் ஓட வேண்டுமென்றால் பொருத்தும்போதே சில பாகங்களை மாற்றி, அழுத்தத்தைத் திரும்ப அளந்து வைக்க வேண்டும். அதற்கென்று ஃபர்னஸ் தயாரிப்பாளரே ஒரு கன்வர்ஷன் கிட் தருவார்: சின்னச் சின்ன பித்தளை ஆரிஃபிஸ்கள் (பர்னருக்குள் கேஸ் பாயும் துளையுள்ள மூக்குகள்), கேஸ் வால்வுக்குள் போடும் ஒரு ஸ்பிரிங், சில மாடல்களில் கேஸ் அழுத்தம் குறைந்தால் ஃபர்னஸை நிறுத்தும் ஒரு சுவிட்ச், அப்புறம் "புரோப்பேனுக்கு மாற்றப்பட்டது" என்ற ஸ்டிக்கர். எங்கள் வீட்டில் ஒட்டப்பட்டது அந்த ஸ்டிக்கர் மட்டும்தான்.

அறிகுறிகள் முதல் நாளிலிருந்தே இருந்தன, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. சூடான காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் நின்றால் இஸ்திரிப் பெட்டியை அதிக நேரம் வைத்த மாதிரி ஒரு வாடை என்று மனைவி சொன்னாள், புதுசுக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன். பர்னர் ஐந்தாறு நிமிடம் எரியும், அணையும், ஃபேன் மட்டும் ஓடும், வீடு இன்னும் கேட்ட சூட்டுக்கு வந்திருக்காது, திரும்ப எரியும். வேகமாகச் சூடாகிறது, அதனால் விட்டு விட்டு ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அது லிமிட் சுவிட்ச், அதாவது உள்ளே அளவுக்கு மீறிச் சூடேறும்போது பர்னரை அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச், திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சுவரில் புகை போகும் வெள்ளை பிவிசி பைப்பின் வாயைச் சுற்றி லேசாகக் கருப்பு படிந்திருந்தது. அதையும் பார்த்தேன். அழுக்கு என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி நின்றது. ஃபர்னஸ் கதவில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு விளக்கு விட்டு விட்டு மின்னியது. எத்தனை முறை மின்னினால் என்ன கோளாறு என்ற அட்டவணை கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்தேன்: பிரஷர் சுவிட்ச். பொருத்திய நிறுவனத்தைக் கூப்பிட்டேன், ஒருவர் வந்தார், ஒரு ரப்பர் குழாயை ஊதினார், தண்ணீர் வடியும் டிராப்பில் தண்ணீர் ஊற்றினார், ஓடியது, போய்விட்டார். நான்கு நாளில் மறுபடியும் நின்றது. இந்த முறை வேறொருவர் வந்து சுவிட்ச் கெட்டுவிட்டது, புதிது வர இரண்டு நாளாகும், அதுவரை இந்த இரண்டு ஒயரையும் சேர்த்துவிடுகிறேன், வீடு சூடாக இருக்கும் என்றார்.

நான் வேண்டாம் என்று சொன்னேன். அதன் தொழில்நுட்பம் தெரிந்து சொல்லவில்லை, பாதுகாப்புக்கு வைத்த ஒன்றை ஒட்டுப் போட்டுக் கடப்பது சரியில்லை என்று தோன்றியது, அவ்வளவுதான். பின்னால்தான் புரிந்தது, பிரஷர் சுவிட்ச் என்பது புகையை வெளியே இழுக்கும் சின்ன ஃபேன் உண்மையிலேயே இழுக்கிறதா, புகைவழி அடைக்காமல் இருக்கிறதா என்று பார்த்து, இழுத்தால்தான் கேஸ் வால்வைத் திறக்க அனுமதி கொடுக்கும் காவல்காரன். அதைக் கடந்து விட்டால் புகை வெளியே போகிறதோ இல்லையோ பர்னர் எரியும். யாராவது உங்கள் வீட்டில் இப்படிச் செய்யப் போனால், எவ்வளவு குளிராக இருந்தாலும், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். ஒரு இரவு மின்சார ஹீட்டரோடு சமாளிக்கலாம்.

நண்பனின் அக்கா கணவர் இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருப்பவர், உரிமம் வைத்திருப்பவர். நானும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க வீட்ல புரோப்பேன் தானே? ஆரிஃபிஸ் மாத்தினாங்களா?" எனக்கு அந்தச் சொல்லே புதிது. "ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு அண்ணா" என்றேன். "ஸ்டிக்கர யார் வேணாலும் ஒட்டலாம் தம்பி, நான் வர்ற வரைக்கும் போடாத" என்றார்.

வந்தவர் ஃபர்னஸ் பக்கமே போகவில்லை, நேரே வெளியே போய் பிவிசி பைப்பின் வாயைப் பார்த்தார், விரலால் தொட்டார். விரல் கருப்பானது. அப்புறம்தான் உள்ளே வந்து புகைப் பைப்பில் அளவுக் கருவியைச் செருகி, கேஸ் வால்வில் அழுத்தம் பார்க்கும் துளையில் மானோமீட்டரை மாட்டிவிட்டு, ஒரு நிமிடம் மட்டும் ஓட்டினார். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவின் எண் ஆயிரம் பிபிஎம்மை (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது) தாண்டி ஏறிக்கொண்டே போனது, அணைத்துவிட்டார். இந்த வகை ஃபர்னஸுக்கான வட அமெரிக்கத் தரநிலையில், கூடுதல் காற்றைக் கழித்துப் பார்க்கும் கணக்கில், 400 பிபிஎம் தான் உச்ச வரம்பு, ஒழுங்காகப் பொருத்தியது 100க்குக் கீழே நிற்க வேண்டும் என்பது அவருடைய அளவுகோல். மானோமீட்டர் 3.5 காட்டியது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது எனக்கு நினைவிருக்கிறது.

3.5 என்பது நீர் அங்குலக் கணக்கு, அதாவது ஒரு குழாயில் தண்ணீரை எத்தனை அங்குலம் தூக்கும் அளவு அழுத்தம் என்பது. கேஸ் வால்வைத் தாண்டி பர்னருக்குப் போகிற மேனிஃபோல்ட் பைப்பில் இயற்கை எரிவாயுவுக்கு வழக்கமாக 3.5 அங்குலம், புரோப்பேனுக்கு 10 அங்குலம். பர்னர் ஒன்றைக் கழற்றி ஆரிஃபிஸைக் காட்டினார், மேலே 45 என்று பொறித்திருந்தது. எங்கள் மாடலுக்குப் புரோப்பேன் கிட்டில் வருவது 55. இந்த எண்கள் துளைபோடும் பிட்டின் எண்கள், எண் கூடினால் துளை சின்னது: 45 என்றால் 2.08 மில்லிமீட்டர், 55 என்றால் 1.32 மில்லிமீட்டர். ஒன்றுமே மாற்றப்படவில்லை. கன்வர்ஷன் கிட்டின் பை ஃபர்னஸுக்குப் பின்னால் சுவரோரம் கிடந்தது, ஆரிஃபிஸும் ஸ்பிரிங்கும் பிரிக்காமல் அப்படியே.

இதில் எனக்குப் பிடித்த பகுதி கணக்குதான், ஏனென்றால் அதைப் போட்டுப் பார்த்த பிறகுதான் ஏன் இவ்வளவு கரி என்று முழுசாக விளங்கியது. ஒரு கன அடி இயற்கை எரிவாயுவில் சுமார் 1000 பிடியு (சூட்டை அளக்கும் அலகு) சூடு இருக்கிறது, அதே ஒரு கன அடி புரோப்பேனில் சுமார் 2500. புரோப்பேன் கனமான வாயு, காற்றைவிட ஒன்றரை மடங்கு எடை, அதனால் அதே துளையில் அதே அழுத்தத்தில் கொஞ்சம் குறைவான அளவுதான் வெளியே வரும், ஆனால் அந்தக் குறைவு இரண்டரை மடங்குச் சூட்டை ஈடுகட்டாது. கணக்குப் போட்டால் எங்கள் ஃபர்னஸ் இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எரிந்துகொண்டிருந்தது. எரிபொருள் கூட, காற்று அதே அளவு, அதனால் முழுசாக எரியாமல் கரியும் கார்பன் மோனாக்சைடும். இன்னும் பயங்கரமான விஷயம் என்னவென்றால், அவர்கள் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி 10க்கு ஏற்றிவிட்டு ஆரிஃபிஸை மறந்திருந்தால் இரண்டரை மடங்கு எரிந்திருக்கும். தலைகீழாக, ஆரிஃபிஸை மாற்றி ஸ்பிரிங்கை மறந்திருந்தால் அறுபது சதவீதம்தான் எரிந்திருக்கும், தீ சோம்பலாக நிற்கும், பற்றுவதே தாமதமாகி டம் என்று சத்தம் வரும், வீடும் சூடாகாது. இரண்டும் சேர்ந்து மாறினால்தான் கணக்கு பழைய இடத்துக்கு வருகிறது. பாதி கன்வர்ஷன் என்று ஒன்று கிடையாது.

கரி போய் அடைத்தது இரண்டாவது ஹீட் எக்ஸ்சேஞ்சரில். அதிகத் திறனுள்ள ஃபர்னஸில் புகையிலிருந்து கடைசிச் சூட்டையும் உறிஞ்சும் மெல்லிய குழாய்கள் அவை. அது அடைத்ததால்தான் பிரஷர் சுவிட்ச் ஃபர்னஸை நிறுத்தியது. இரண்டு பேர் வந்து குற்றம் சொன்ன அந்தச் சுவிட்ச் சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

இந்த மூன்று வாரமும் நான் இரண்டு விஷயத்தை நம்பி நிம்மதியாக இருந்தேன். ஒன்று, கேஸ் வாடை வரவில்லை. இரண்டு, கார்பன் மோனாக்சைடு அலாரம் அடிக்கவில்லை. இரண்டுமே எதையும் நிரூபிக்கவில்லை. வாடை என்பது எரியாத கேஸ் கசிந்தால் தெரிவதற்காக அதில் சேர்க்கிற மணப்பொருள், சரியாக எரியாத புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. (அந்த மணப்பொருளுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று டெக்சஸ் மாநிலம் நியூ லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாடையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து வெடித்துச் சுமார் 300 பேர் இறந்துபோனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் அங்கே மணம் சேர்ப்பது சட்டமானது.) அலாரமும் அப்படித்தான், 70 பிபிஎம் என்றால் ஒரு மணி நேரம் முதல் நான்கு மணி நேரம் வரை பொறுத்துத்தான் அடிக்கும்படி வட அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கிறது, 400 என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். எங்கள் புகை முழுவதும் மூடிய பைப்பில் வெளியே போய்க்கொண்டிருந்ததால் அலாரத்துக்குக் கிடைக்க ஒன்றுமில்லை. அந்தப் பைப்பில் ஒரு மூட்டு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்கு மனமில்லை. அலாரம் கட்டாயம் வேண்டும், தூங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் வேண்டும், ஆனால் அது கடைசி வேலி.

நிறுவனத்திடம் படங்களோடும் எண்களோடும் பேசினேன், எண்கள் இருந்ததால் வாக்குவாதம் நீளவில்லை, புது ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் வேலைச் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். வேலையை அண்ணன் செய்யட்டும் என்றேன், ஒப்புக்கொண்டார்கள். நான் டார்ச் பிடித்தேன். இந்த வேலையை உரிமம் இல்லாதவர்கள் தொடக் கூடாது, நானும் தொடவில்லை. ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேட்கலாம், எண்களை எழுதி வைக்கலாம், அது வீட்டுக்காரரின் உரிமை என்றே சொல்வேன்.

கேஸை மூடி மின்சாரத்தை நிறுத்தியதும் அவர் செய்த முதல் காரியம் கிட்டோடு வந்த தாளை உட்கார்ந்து வாசித்தது. இருபது வருஷ அனுபவம் உள்ளவர் வாசிக்கிறார். "மாடலுக்கு மாடல் நம்பர் மாறும் தம்பி, என் மனசுல இருக்கிறது போன மாடலோட நம்பர்" என்றார். அதே காரணத்தால் வேறு நிறுவனக் கிட்டையோ, இருக்கிற ஆரிஃபிஸை ஈயம் வைத்து அடைத்துத் திரும்பத் துளை போடுவதையோ அவர் ஏற்பதில்லை. துளையின் ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் கேஸ் நேராகப் பாயாமல் சாய்ந்து போகும். எங்கள் ஃபர்னஸில் நான்கு பர்னர், நான்கு ஆரிஃபிஸ். பழையதை எண்ணி ஒரு தட்டில் வைத்தார், புதியது ஒவ்வொன்றிலும் பொறித்த எண்ணைப் பார்த்தார், விரலால் சுழற்றி நேராக உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர் போட்டார். அதில் டேப்போ பசையோ எதுவும் தடவக் கூடாது, ஒரு துணுக்கு துளைக்குள் போனால் போதும். மேனிஃபோல்டைத் திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு ஆரிஃபிஸும் அதனதன் பர்னரின் நடுவைப் பார்க்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒன்று சாய்ந்தால் அந்தத் தீ மட்டும் எக்ஸ்சேஞ்சர் சுவரில் உரசும், வருஷக்கணக்கில் அந்த இடம் வெந்து ஓட்டை விழும்.

ஸ்பிரிங் மாற்றுவது இரண்டு நிமிட வேலை, மூடியைத் திறந்து, பழையதை எடுத்துப் புதியதைப் போட்டு, திருகை மேலோட்டமாக வைத்துவிட்டார். சரியான இடம் அளந்துதான் வரும்.

கசிவுப் பரிசோதனையில் அவர் அவசரப்படவில்லை. அதற்கென்று விற்கும் சோப்புக் கரைசலைத்தான் பயன்படுத்தினார், பாத்திரம் கழுவும் சோப்பில் பித்தளையை அரிக்கும் பொருள் இருக்கலாம் என்பதால். கழற்றி மாட்டிய ஒவ்வொரு மூட்டையும் நனைத்துக் குமிழி வருகிறதா என்று காத்திருந்து பார்த்தார். புரோப்பேன் காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் மேலே போய்க் கலையாது, தண்ணீர் மாதிரி இறங்கித் தரையில் தேங்கும், பேஸ்மென்ட்டில் என்றால் போக வழியே இல்லாமல் கிடக்கும். அதனால் வாடை பார்க்கக் குனிந்து தரையோரம் பார்க்க வேண்டும். புதுத் தொட்டியின் உட்புறத் துரு மணப்பொருளை உறிஞ்சிக்கொண்டு வாடையே குறைந்துபோவதும் உண்டு என்றார், எனவே மூக்கை மட்டும் நம்பாமல் தரையோரத்தில் ஒரு கேஸ் கசிவு அலாரமும் வைத்துவிட்டேன். இன்னொன்று, பைப்பை அதிகக் காற்றழுத்தம் ஏற்றிச் சோதிக்கும்போது ஃபர்னஸைத் துண்டித்துவிட வேண்டும். வீட்டு கேஸ் வால்வுகள் தாங்குவது பொதுவாக அரை பிஎஸ்ஐ, அதாவது சுமார் 14 நீர் அங்குலம்தான். அதைத் தாண்டி ஏற்றினால் வால்வு உள்ளேயே கெட்டுப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது.

அடுத்து அழுத்தம். முதலில் வால்வுக்குள் வரும் அழுத்தம், எல்லாம் நின்றிருக்கும்போது 11.2 அங்குலம். பிறகு வாட்டர் ஹீட்டர், அடுப்பின் எல்லா பர்னர், ஃபர்னஸ் எல்லாவற்றையும் ஒன்றாக எரியவிட்டுப் பார்த்தார், 10.8. பலர் விட்டுவிடுகிற சோதனை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் ஃபர்னஸை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், குளிரான காலையில் எல்லாரும் குளித்துச் சமைக்கும்போதுதான் பைப்போ தொட்டி ரெகுலேட்டரோ போதாமல் அழுத்தம் சரியும்.

மேனிஃபோல்டில் டிஜிட்டல் மீட்டர் ஒன்றும், சரிபார்க்கப் பழைய யூ வடிவத் தண்ணீர்க் குழாய் ஒன்றும் மாட்டினார். தண்ணீர்க் குழாயைப் படிக்கும் வேலை எனக்கு. ஐந்துதான் வருகிறது அண்ணா, குறைவு என்றேன். ஒரு பக்கம் மட்டும் பார்த்திருந்தேன். ஒரு கையில் ஐந்து ஏறினால் மறு கையில் ஐந்து இறங்கியிருக்கும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அளவு, அது பத்து. நான் சொன்னதை நம்பி அவர் திருகை ஏற்றியிருந்தால் அழுத்தம் தவறான இடத்துக்குப் போயிருக்கும். அவர் திட்டவில்லை, இதற்குத்தான் இரண்டு கருவி என்றார். அழுத்தத்தை வைத்த பிறகு கேஸ் வால்வில் உள்ள ரெகுலேட்டரின் மூடியைத் திருகி மூடிவிட்டு இன்னொரு முறை படித்தார், மூடி திறந்திருக்கும்போது காட்டுவதும் மூடிய பின் காட்டுவதும் கொஞ்சம் மாறலாம். மூடிய பின் 10.0. மீட்டரைக் கழற்றி அந்தத் துளையின் திருகை மாட்டி, அந்த ஒரு இடத்துக்கு மறுபடி சோப்புக் கரைசல். அந்தத் திருகை மாட்ட மறந்துபோய் நடந்த விபத்துகள் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத விரும்பவில்லை.

இயற்கை எரிவாயு உள்ள வீடு என்றால் கூடுதலாக ஒரு சோதனை செய்யலாம், இதை நீங்களே பார்க்க முடியும், எதையும் கழற்றத் தேவையில்லை. மற்ற கேஸ் சாதனங்களை நிறுத்திவிட்டு ஃபர்னஸை மட்டும் ஓட்டி, மீட்டரில் ஒரு கன அடி ஓட எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். 3600ஐ கேஸின் சூட்டு மதிப்பால் பெருக்கி அந்த வினாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை பிடியு எரிகிறது என்று வரும். கேஸ் பில்லிலோ நிறுவனத்திடம் கேட்டோ சூட்டு மதிப்பு தெரிந்துகொள்ளலாம். 80,000 பிடியு ஃபர்னஸ், கன அடிக்கு 1030 என்றால் 46 வினாடி வர வேண்டும். 35 வினாடியில் ஓடிவிட்டால் யாரையாவது கூப்பிட வேண்டும். உயரமான மலைப் பகுதி வீடுகளில் இந்த எண்ணே மாறும், காற்று மெலிந்திருப்பதால் 2000 அடிக்கு மேல் உள்ள இடங்களில் ஒவ்வொரு 1000 அடிக்கும் 4 சதவீதம் குறைத்து எரிக்க வேண்டும் என்பது வழக்கமான விதி, ஆனால் அங்கேயும் தயாரிப்பாளரின் அட்டவணை என்ன சொல்கிறதோ அதுதான்.

கேஸ் சரியானதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, காற்று இன்னும் பாக்கி. ஃபர்னஸ் தகட்டில் வெப்ப ஏற்றம் 35 முதல் 65 டிகிரி ஃபாரன்ஹீட் என்று போட்டிருந்தது. உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குள் இருக்க வேண்டும், முடிந்தால் நடுவில். பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார்: போவது 66, வருவது 138, ஏற்றம் 72. வெளியே வரும் பக்கத்தில் தெர்மாமீட்டரை எக்ஸ்சேஞ்சர் நேராகப் பார்க்கும் இடத்தில் வைக்கக் கூடாது, அதன் அனல் பட்டு எண் கூடிவிடும், சூடான காற்று போகும் டக்ட் ஒரு முறை வளைந்த பிறகு வைக்க வேண்டும். அப்படி வைத்தும் 72தான். ஃபேன் வேகத்தைக் கூட்டிவிடலாமே என்றேன். "ஏன் கூடுதுன்னு பாக்காம கூட்டக் கூடாது" என்று சொல்லி டக்ட்டின் அழுத்தத்தை அளந்தார். தகடு சொன்ன உச்சம் 0.5 அங்குலம், எங்களுடையது 0.78. காரணம் நான்தான், தூசு நன்றாகப் பிடிக்கட்டும் என்று ஒரு அங்குல இடத்தில் மிக நெருக்கமான ஃபில்டரைப் போட்டிருந்தேன், தவிர பேஸ்மென்ட்டில் காற்று திரும்பும் துவாரம் ஒன்றை அலமாரி மறைத்திருந்தது. ஃபில்டரை மாற்றி அலமாரியை நகர்த்தியதும் ஏற்றம் 61க்கு வந்தது. பிறகு ஃபேனை ஒரு படி கூட்டினார், 54.

லிமிட் சுவிட்ச் உண்மையில் வேலை செய்கிறதா என்று, காற்று உள்ளே போகும் வழியை அட்டை வைத்து மறைத்துப் பார்த்தார். சில நிமிடத்தில் பர்னர் அணைந்தது, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அட்டையை எடுத்ததும் கொஞ்ச நேரத்தில் தானாக எரிந்தது. கடைசியாகப் புகைப் பைப்பில் மறுபடியும் அளவுக் கருவி. கார்பன் மோனாக்சைடு 38 பிபிஎம், ஆக்சிஜன் 7 சதவீதம். தீயைப் பார்ப்பதற்கென்று தனியாக உள்ள ஜன்னலில் நான்கு தீயும் நீலமாக, நேராக, ஒரே நீளத்தில். முந்தைய மூன்று வாரத்தில் அந்த ஜன்னலை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. தூசு பறந்தால் ஆரஞ்சுப் பொறி வரும், அது பரவாயில்லை, ஆனால் நீளமாக மஞ்சளாகத் தீ ஆடினால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கிளம்பும்போது அவர் வாட்டர் ஹீட்டரைத் திரும்பிப் பார்த்தார். பழைய ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் ஒரே செங்கல் புகைபோக்கியில் புகை விட்டுக்கொண்டிருந்தன. புதிய ஃபர்னஸ் பிவிசி பைப்புக்குப் போய்விட்டது, வாட்டர் ஹீட்டர் மட்டும் அந்தப் பெரிய புகைபோக்கியில் தனியாக நிற்கிறது. அவ்வளவு பெரிய வழியைச் சூடாக்கும் அளவுக்கு அதன் புகைக்குச் சக்தி இல்லை, குளிர்ந்து அங்கேயே நிற்கும், சில நேரம் வீட்டுக்குள் திரும்பும். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் ஓடிய பிறகு ஹீட்டரின் தலையில் உள்ள இடைவெளியோரம் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்தார். ஆவி படிந்தது. அதாவது புகை மேலே போகாமல் வெளியே வழிகிறது. எங்கள் வீட்டில் அலாரத்துக்கு எட்டக்கூடிய ஆபத்து உண்மையில் இங்கேதான் இருந்திருக்கிறது, ஃபர்னஸில் இல்லை. புகைபோக்கிக்குள் சரியான அளவு உலோகக் குழாய் இறக்கும் வரை, ஒன்பது நாள், வாட்டர் ஹீட்டரை அணைத்து வைத்திருந்தோம். இறக்கிய பிறகு அதே கண்ணாடி, அதே ஐந்து நிமிடம், ஆவி படியவில்லை. ஃபர்னஸ் மாற்றுகிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த ஒன்றைக் கேட்டுவிடுங்கள், பழைய புகைபோக்கியில் இனி வேறு எது தனியாக நிற்கப் போகிறது என்று.

ஃபர்னஸ் கதவின் உட்பக்கம் இப்போது ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. தேதி, ஆரிஃபிஸ் எண் 55 நான்கு, உள்ளே வரும் அழுத்தம் 11.2, எல்லாம் ஓடும்போது 10.8, மேனிஃபோல்ட் 10.0, வெப்ப ஏற்றம் 54, டக்ட் அழுத்தம், புகை அளவுகள், கீழே அண்ணனின் கையெழுத்து. கழற்றிய 45 எண் ஆரிஃபிஸ்களும் பழைய ஸ்பிரிங்கும் ஒரு பையில் பக்கத்திலேயே தொங்குகின்றன, என்றாவது எங்கள் தெருவுக்கு கேஸ் பைப் வந்தால் தேவைப்படும். போன மாதம் தொட்டியின் ரெகுலேட்டரை மாற்ற வந்தவரிடம் இந்த அட்டையைக் காட்டினேன். மாற்றி முடித்ததும் எல்லாவற்றையும் எரியவிட்டு அளந்து, கீழே அடுத்த வரியில் 10.9 என்று எழுதிவிட்டுப் போனார்.